கவ்வாலியும் திரைப்பாட்டும்



குணங்குடி மஸ்தான் சாகிபு என்னும் பெயரை இலக்கிய வரலாற்று நூல்களில் நீங்கள் கண்டிருப்பீர்கள். 1792ஆம் ஆண்டில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, துறவு பூண்டு, பல இடங்களிலும் திரிந்து, இறுதியில் வடசென்னையில் தங்கி, 1838இல் மறைந்த ஞானி அவர். பெற்றோர் இட்ட பெயர் சுல்தான் அப்துல் காதிர். பின் ‘மஸ்தான்’ என்ற பெயர் எவ்வாறு வந்தது? ‘மஸ்த்’ என்பது பாரசீகச் சொல். போதையுற்ற நிலை, தன்னை மறந்த களிப்பு என்று பொருள்படும். ஆண் யானைக்கு மதம் பிடித்திருக்கும் நிலையையும் வடநாட்டார் ‘மஸ்த்’ என்றே கூறுவர். ஆங்கிலேயரும் அச்சொல்லையே தம் மொழிக்கு எடுத்துக்கொண்டனர். மதங்கொண்ட களிறு தன் பாகனையும் அறியாது. அதுபோல, இறைவன்பால் கொண்ட காதலால் உலகத்தை அறியாது நிற்பவர் மஸ்தான். சிவபெருமானையே ‘பித்தன்’ என்று உரிமையோடு அழைத்த நாடு அல்லவா நம்முடையது? அச்சொல்லின் பெருமை நமக்கு எளிதில் விளங்கும்.

இத்தகைய சொல் 1994ஆம் ஆண்டில் ஓர் இந்தித் திரைப்படப் பாட்டில், ஆடுகின்ற நங்கை ஒருத்தியின் வருணனையாகிவிட்டது. அப்படத்தின் பெயர் ‘மோஹ்ரா’. அப்பாட்டின் மெட்டோ, சிந்து நாட்டு ஞானி லால் ஷாபாஸ் கலந்தரைப் புகழ்ந்து தர்காக்களில் பாடப்பெற்று வந்த ஒரு கவ்வாலியினின்று எடுக்கப்பட்டது. ஞானிக்குரிய பட்டம் நங்கைக்குச் சென்ற இந்தப் பயணம் எவ்வாறு நிகழ்ந்தது? அதில் அவ்விசை இழந்தது என்ன, பெற்றது என்ன? இதைத்தான் இன்று நாம் சிறிது ஆராயப் போகிறோம்.

முதலில், கவ்வாலி என்பது யாது?

அரபு மொழியில் ‘கவ்ல்’ என்றால் வாக்கு, சொல் என்று பொருள். ஆன்றோர் வாக்கைப் பாடுவோர் கவ்வால்; அவர் பாடுவது கவ்வாலி. இசுலாமிய ஞானிகளாகிய சூஃபிகளுள் பல மரபினர் உண்டு. அவர்களுள் சிஷ்தி மரபினர், இசையைக் கேட்பதே இறைவனை அடைவதற்கு ஒரு வழி என்று கொண்டனர். ‘பாடுதல்’ என்று அவர்கள் சொல்லவில்லை. ‘ஸமா’, அதாவது ‘கேட்டல்’ என்றே சொன்னார்கள். இதை நீங்கள் நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அங்கே இசையின் பயன் பாடுவோனிடத்தில் இல்லை, கேட்போனிடத்தில் இருக்கிறது.

இம்மரபை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர் ஆஜ்மீரில் அடக்கமான குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி. அவர் வழியில் வந்த தில்லி நிஜாமுத்தீன் அவ்லியாவின் மாணவர் அமீர் குஸ்ரோ. 1253 முதல் 1325 வரை வாழ்ந்த இக்கவிஞர், பாரசீகத்திலும் அக்காலத்து இந்தி மொழியிலும் பாடல் இயற்றியவர். கவ்வாலிக்கு உருக் கொடுத்தவர் அவரே என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. ஆசிரியரும் மாணவரும் அதே 1325ஆம் ஆண்டில் சில மாத இடைவெளியில் மறைந்தனர். இருவர் சமாதிகளும் தில்லியில் ஒரே வளாகத்தில் இருக்கின்றன.

இசையே கூடாது என்று மறுத்த மார்க்க அறிஞர்களும் உண்டு. கியாசுத்தீன் துக்ளக் ஆட்சியில், ஸமா தகுமா தகாதா என்று ஆராய ஓர் அவையே கூடிற்று. முதியவராகிய நிஜாமுத்தீன் அதன்முன் சென்று விடை கூற வேண்டியிருந்தது. ஆகவே, கவ்வாலி தன் பிறப்பிடத்திலேயே வழக்காடிப் பிழைத்த கலை என்று அறிக.

ஒரு கவ்வாலிக் கூட்டம் எவ்வாறு நடைபெறும்? வியாழக்கிழமை மாலையில், அல்லது ஞானியின் நினைவு விழாவில், தர்காவின் முற்றத்தில் பாடகர்கள் இரு வரிசையாகத் தரையில் அமர்வர். அந்நினைவு விழாவுக்கு ‘உர்ஸ்’ என்று பெயர். அச்சொல்லுக்குத் திருமணம் என்று பொருள். ஞானி இறந்த நாளை அவர் இறைவனோடு மணம் கூடிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். முன்வரிசையில் தலைமைப் பாடகரும் துணைப் பாடகர்களும் ஆர்மோனியத்தோடு இருப்பர். பின்வரிசையில் இருப்போர் கைதட்டிப் பல்லவியை வாங்கிப் பாடுவர். தபலாவோ டோலக்கோ உடன் ஒலிக்கும். (ஆர்மோனியம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவினின்று வந்த கருவி. அது இல்லாத காலத்திலும் கவ்வாலி இருந்தது. பழமை என்று நாம் போற்றுவனவற்றுள் சில அவ்வளவு பழையன அல்ல!)

தொடக்கத்தில் கருவியிசை. பிறகு தாளமின்றி, நம் விருத்தம் போல, ஒரு செய்யுள் மெல்ல எழும். அதன்பின் தாளமும் கைத்தட்டும் சேரும். தலைவர் ஒரு வரியைப் பாடுவார். குழுவினர் அதையே திருப்பிப் பாடுவர். கருநாடக இசையில் நிரவல் கேட்டிருக்கிறீர்கள் அன்றோ? ஒரே வரியை வெவ்வேறு விதமாக விரித்துப் பாடுவது போல இங்கும் நிகழும். இடையிடையே, வேறு கவிஞரின் செய்யுள் ஒன்றைக் கொண்டுவந்து அவ்வரியோடு முடிச்சுப் போடுவார் தலைவர். ‘கிரஹ்’ என்று அதற்குப் பெயர். முடிச்சு என்றே பொருள். நம் கதாகாலட்சேபக்காரர் கதை நடுவே திருவாசகத்தையும் கம்பனையும் எடுத்து வந்து பொருத்துவது போன்றது இது. எங்கள் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் கிருத்திகைதோறும் திருப்புகழ் பாடும் அன்பர்களைக் கேட்டவர்க்கு, கூட்டமாகப் பாடும்போது சந்தம் மனிதனை எவ்வாறு இழுத்துச் செல்லும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அருணகிரியார் இவ்வூரைக் ‘கோடைநகர்’ என்று பாடினார். அச்சந்தங்களைப் பொருள் முற்றும் அறியாத சிறுவரும் தலையசைத்துப் பாடக் காண்கிறோம்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கவ்வால் பாடும்போது அவர் கண்கள் கேட்போர்மேல் நிற்கும். எவர் முகத்தில் எந்த வரி பட்டது என்று அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருவர் ஒரு சொல்லில் உருகித் தம்மை இழந்தாரானால், அந்நிலைக்கு ‘ஹால்’ என்று பெயர். அவர் தெளியும்வரை அந்த வரியை விட்டு நகரலாகாது என்பது மரபு. தில்லியில் வாழ்ந்த குத்புத்தீன் பக்தியார் காக்கி என்னும் ஞானி 1235ஆம் ஆண்டில், ஒரு செய்யுளைக் கேட்டு மெய்மறந்து, பாடகர் அதையே மீண்டும் மீண்டும் பாட, நான்கு நாள் அந்நிலையிலேயே இருந்து உயிர் நீத்தார் என்று அம்மரபினர் சொல்வர். ஒரு வரி எத்தனை முறை பாடப்படும் என்பதை இசைவல்லான் முடிவு செய்வதில்லை; கேட்பவன் நெஞ்சம் முடிவு செய்கிறது.

இதனால்தான் சூஃபி ஆசிரியர்கள் ஸமாவுக்கு மூன்று கட்டளைகள் விதித்தனர்: காலம் தக்கதாக இருக்கவேண்டும், இடம் தக்கதாக இருக்கவேண்டும், உடனிருப்போர் தக்கவராக இருக்கவேண்டும். வணிகத் திரைப்படமோ இம்மூன்றையும் அறியாதது. பகற்காட்சிக்கும் இரவுக்காட்சிக்கும் அதே பாட்டு. கொட்டகை எங்கிருந்தாலும் அதே பாட்டு. சீட்டு வாங்கியவர் எவராயினும் அதே பாட்டு. பாடகரின் கண்ணுக்குக் கேட்பவர் தென்படுவதும் இல்லை. நியாயமாகச் சொன்னால், இந்தக் குறை இப்பொழுது நான் பேசிக்கொண்டிருக்கும் வானொலிக்கும் உண்டு. நீங்கள் கொட்டாவி விடுவதை நான் எங்ஙனம் அறிவேன்?

இப்படியிருக்க, கவ்வாலி திரைக்குள் எப்படி நுழைந்தது? அதற்கான வாயில் அப்பாடல்களிலேயே திறந்து கிடந்தது. சூஃபிக் கவிஞர் இறைவனைக் காதலி என்றும் காதலன் என்றும் பாடுவர். இறையன்பை மது என்பர். குருவை மது வார்ப்பவர் என்பர். தமிழ் படித்த உங்களுக்கு இது புதிதன்று. மணிவாசகரின் திருக்கோவையாரை அகப்பொருள் நூலாகக் கற்போரும் உண்டு, திருமுறையாக ஓதுவோரும் உண்டு. ஆண்டாள் நாச்சியாரின் ஏக்கத்தை யாரேனும் வெறும் காதல் என்று ஒதுக்குவரோ? நம் குணங்குடியாரே மெய்ப்பொருளை ‘மனோன்மணி’ என்னும் நங்கையாக்கி அவளை நோக்கிக் கண்ணிகள் பாடினார். இருபொருள் படும் மொழியில் பாடிய பாட்டை, ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு வேறிடத்துக்குக் கொண்டுபோவது எளிது. திரைப்படம் அதைத்தான் செய்தது.

இசைத்தட்டு முன்னரே வழியைச் சுருக்கி வைத்திருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்ற பழைய தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். இரவெல்லாம் நீளும் கவ்வாலியை அதற்குள் அடைப்பதற்கு விரிவையெல்லாம் வெட்டிப் பல்லவியையும் கைத்தட்டையும் வைத்துக்கொண்டனர். 1945இல் வந்த ‘ஜீனத்’ என்னும் படத்தில் பெண்களே அமர்ந்து பாடும் கவ்வாலி ஒன்று இடம்பெற்றுப் பெரும்புகழ் அடைந்தது. நூர்ஜஹானும் ஜோராபாய் அம்பாலேவாலியும் கல்யாணியும் பாடியது அது. 1958இல் ‘அல் ஹிலால்’ படத்தில் இஸ்மாயில் ஆஜாத் என்னும் உண்மையான கவ்வாலே வந்து பாடினார். நாடெங்கும் அப்பாட்டு ஒலித்தது. ஆனால் அது அழகியரிடம் உள்ளத்தைப் பறிகொடுத்தவன் பாட்டு. கவ்வால் திரைக்கு வந்தார். பக்தி வாயிலிலேயே நின்றுவிட்டது!

1960ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் சிறப்புடையது. அவ்வாண்டில் வந்த ‘பர்சாத் கீ ராத்’ படத்தில், ரோஷன் இசையில், சாஹிர் லூதியான்வி இயற்றிய கவ்வாலி பத்து நிமிடத்துக்கும் மேலாக நீளும். போட்டிக் கச்சேரியாக அமைந்த அக்காட்சியில், காதல் என்பது மனிதக் காதலில் தொடங்கி, இராதை, சீதை, மீரா, புத்தர், ஏசு என்று விரிந்து இறைக்காதலில் சென்று முடியும். திரைக் கவ்வாலிகளுள் இதற்கு ஈடான மற்றொன்றை நான் கேட்டதில்லை. இதற்கு மூலமாக நின்றது பஞ்சாபைச் சேர்ந்த ஃபதே அலி கான், முபாரக் அலி கான் சகோதரர்களின் ஒரு கவ்வாலி என்று இசையறிந்தோர் கூறுவர். அச்சகோதரர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்றுப் பின்னர் அவர்களிடம் திரும்பி வருவோம்.

இடையே நம் தமிழ்நாட்டையும் பார்ப்போம். இங்கே கவ்வாலி பரவலாக வேரூன்றவில்லை. ஆனால் நாகூர் இருந்தது, நாகூர் ஈ.எம். ஹனீஃபா இருந்தார். 1925 முதல் 2015 வரை வாழ்ந்த அப்பெருங்குரலாளர், தமிழில் இசுலாமியப் பக்திப் பாடல் என்றாலே தம் குரல் நினைவுக்கு வருமாறு செய்தவர். அவர் பாட்டில் கவ்வாலியின் கைத்தட்டோ சுரவரிசையோ இராது. ஒலிபெருக்கி வேண்டாத குரல் ஒன்றே அவர் முதல். 1955இல் ‘குலேபகாவலி’யிலும், 1961இல் ‘பாவ மன்னிப்பு’ படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடும், பல்லாண்டு கழித்து இளையராஜாவின் இசையில் ‘செம்பருத்தி’ (1992), ‘ராமன் அப்துல்லா’ (1997) ஆகிய படங்களிலும் பாடினார். ‘பாவ மன்னிப்பு’ப் பாட்டில் பக்தி பக்தியாகவே நின்றது, இறைவனை நோக்கிய விளி நங்கையை நோக்கித் திரும்பவில்லை. இதை நான் பெருமையாகவே கருதுகிறேன். ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. முசுலிம் பாத்திரம் கதையில் இருந்தால்தான் அத்தகைய பாட்டுக்கு இடம் கிடைத்தது. வடக்கே கவ்வாலி தன் விளியை இழந்து எல்லார் வாயிலும் புகுந்தது. தெற்கே விளியைக் காத்துக்கொண்டு ஓரிடத்தில் ஒதுங்கி நின்றது.

இனி, ஃபதே அலி கானிடம் வருவோம். ஜலந்தரில் வாழ்ந்த அக்குடும்பம் 1947இல் நாடு பிரிந்தபோது லயால்பூருக்குப் பெயர்ந்தது. ஃபைசலாபாத் என்பது அந்நகரின் இன்றைய பெயர். அங்கே 1948 அக்டோபர் 13ஆம் நாள் பிறந்தவர் நுஸ்ரத் ஃபதே அலி கான். மகன் மருத்துவனாக வேண்டும் என்பதே தந்தையின் விருப்பம். ஆனால் 1964இல் தந்தை இறந்தார். நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கில் மகன் பாடினான். 1971இல் சிறிய தகப்பனார் முபாரக் அலி கானும் மறைந்தபின் குழுவின் தலைமை அவர்மேல் வந்தது. தலைவராக அவர் முதன்முதல் பாடியது பாகிஸ்தான் வானொலி நடத்திய ‘ஜஷ்னே பஹாரான்’ என்னும் இசைவிழாவில். வானொலிக்காரர்களுக்கு இதில் ஒரு சிறு பெருமை இருக்கலாம்!

அவர் குரல் மெல்லியதன்று, இனியது என்று சொல்வதும் போதாது. மலையருவி கல்லில் மோதி மேலெழுவது போன்றது. நம் வித்துவான்கள் கற்பனை சுரம் பாடுவதை ஒத்து, ச-ரி-க-ம என்ற சுரப் பெயர்களையே மின்னல் வேகத்தில் அடுக்கிச் செல்வார். சட்டென்று மூலவரியில் வந்து விழுவார். மொழி அறியாதவரையும் அது கட்டிப்போட்டது. 1985இல் இங்கிலாந்தில் எஸெக்ஸ் கடற்கரையை அடுத்த மெர்சி தீவில் நடந்த உலக இசைவிழாவில், உருது அறியாத ஆங்கில மக்கள் நள்ளிரவு கடந்தும் அவரைக் கேட்டிருந்தனர். அவ்விழாவைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய பீட்டர் கேப்ரியல், 1988இல் ஏசுநாதரைப் பற்றிய ஒரு படத்திற்குத் தாம் அமைத்த இசையில் நுஸ்ரத்தின் குரலைச் சேர்த்தார். 1995இல், தூக்குத் தண்டனைக் கைதி ஒருவனையும் ஒரு கன்னிகாஸ்திரீயையும் பற்றிய அமெரிக்கப் படமாகிய ‘டெட் மேன் வாக்கிங்’கிலும் அவர் பாடினார். பக்தியின் குரலைத் துயரத்தின் குரலாக அங்கே பயன்படுத்தினர். அது பொருந்தாத பயன் அன்று.

இந்தித் திரையுலகம் அவரை நடத்திய விதம் வேறு. மெட்டுகள் எல்லை தாண்டி ஒலிநாடாக்களில் வந்தன, கேட்காமலே எடுத்துக்கொள்ளப்பட்டன. ‘மோஹ்ரா’வைப் பற்றி முன்பே கூறினேன். 1997இல் வந்த ‘ஔஸார்’ என்ற படத்தில் இதைவிடக் கொடியது நிகழ்ந்தது. மூலத்தில் ‘அல்லாஹூ’ என்று இறைநாமம் ஒலிக்கும் இடத்தில், மெட்டை மாற்றாமல், ‘ஐ லவ் யூ’ என்று வைத்துவிட்டார்கள். இது அவரை வருத்தியது என்பர். வருத்தாமல் என் செய்யும்? ‘ஓம் நமசிவாய’ என்ற ஐந்தெழுத்து ஒலிக்கும் இடத்தில் வேறொன்றை வைத்து ஆடினால் நம் நெஞ்சம் எவ்வாறு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காதலையும் பக்தியையும் ஒரே மொழியில் பாடுவது கவிஞன் செயல்; ஒன்றைத் துடைத்துவிட்டு மற்றொன்றை ஒட்டுவது வணிகன் செயல்.

எனினும் அந்தக் குரல் அழியவில்லை. இதற்கு என் கண்முன்னே ஒரு சான்று உண்டு. வல்லக்கோட்டையிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையெங்கும் இன்று கார்த் தொழிற்சாலைகளும் உதிரிப்பாகப் பட்டறைகளும் நிறைந்திருக்கின்றன. பீகார், உத்தரப்பிரதேசம், ஒடிசா, வங்காளம் ஆகிய மாநிலங்களினின்று வந்த இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அவற்றில் உழைக்கின்றனர். ஒரு வியாழன் மாலை, வேலைமுறை முடிந்து தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்த வடநாட்டு இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியில் நுஸ்ரத்தின் கலந்தர் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தான். அருகிலிருந்த நம்மூர்த் தொழிற்பயிற்சி மாணவன், “இது பழைய சினிமாப் பாட்டாயிற்றே!” என்றான். அவனுக்குத் தெரிந்தது படம்தான். வடநாட்டவன் இல்லையென்று தலையசைத்து, இரு கைகளையும் கண்களில் ஒற்றிக்கொண்டான். இருவருக்கும் பொதுமொழி ஏதும் இல்லை. ஆயினும் நம் பையனுக்கு விளங்கிவிட்டது. அவன் பேச்சை நிறுத்திப் பாட்டைக் கேட்கலானான். அது இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடிற்று. அவன் தேநீர் ஆறிப்போயிற்று.

நுஸ்ரத் தாமே திரைக்கு இசையமைக்கவும் முன்வந்தார். 1994இல் சேகர் கபூர் இயக்கிய ‘பேண்டிட் குவீன்’ படத்துக்கு அவர் இசை அமைத்தார். சம்பல் பள்ளத்தாக்கின் வறண்ட மண்ணுக்கு அக்குரல் பொருந்தியது போல வேறெதுவும் பொருந்தியிராது. 1997இல் வந்த ‘ஔர் பியார் ஹோ கயா’ என்ற காதற்படத்துக்கும் இசை தந்தார். அது எனக்கு அத்துணைச் சிறப்பாகத் தோன்றவில்லை. அதே ஆண்டில், இந்திய விடுதலையின் பொன்விழாவையொட்டிச் சென்னையைச் சேர்ந்த ஏ.ஆர். ரகுமான் வெளியிட்ட ‘வந்தே மாதரம்’ என்னும் தொகுப்பில், அமைதியை வேண்டும் பாடல் ஒன்றை இருவரும் சேர்ந்து பாடினர். பிரிவினையில் ஜலந்தரை விட்டுச் சென்ற குடும்பத்தின் மகன், ஐம்பதாண்டு நிறைவில் இந்தியத் தொகுப்பு ஒன்றில் பாடினார். அவ்வாண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் இலண்டனில் அவர் இறந்தார். வயது நாற்பத்தெட்டுதான்.

அவர் ஊன்றிய வித்து நம் பக்கத்தில் முளைத்தது எனலாம். 1998இல் மணிரத்னம் இயக்கிய ‘உயிரே’ படத்தில், நீலகிரி மலை இரயிலின் மேல் ஆடிப் பாடும் ‘தையா தையா’ என்ற பாட்டு உங்களுக்குத் தெரியும். அதன் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரியுமா? பஞ்சாபிச் சூஃபிக் கவிஞர் புல்லே ஷாவிடம் இருக்கிறது. 1680இல் பிறந்து 1757இல் மறைந்த அவர், நபிகள் நாயகத்தின் வழித்தோன்றல் என்று பெருமை பேசும் சையத் குலத்தவர். அவர் குருவாகக் கொண்ட ஷா இனாயத்தோ தோட்டக்காரர் குலத்தில் வந்தவர். சுற்றத்தார் பழித்தனர், புல்லே ஷா குருவை விடவில்லை. ஒருமுறை குருவே சினந்து விலக்கிவிட்டபோது, ஆடல் மகளிரிடம் சென்று ஆட்டம் பயின்று, அவர்கள் உடையை அணிந்து, குருவின் முன் ஆடி மன்னிப்புப் பெற்றார் என்பது கதை. ‘தையா தையா’ என்பது அந்த ஆட்டத்தின் சொற்கட்டு. இந்தியில் கவிஞர் குல்ஜார் அதைச் ‘சய்யா’ என்று மாற்றி நிழலைக் குறிப்பதாக ஆக்கினார். தமிழிலோ மூலத்தின் ஒலியே நின்றது. நம் நட்டுவாங்கத்திலும் ‘தை’ என்பது ஆடற்சொல்லாகவே இருப்பதால் அது நமக்கு அயலாகவும் ஒலிக்கவில்லை. குலப்பெருமையைக் காலில் போட்டு மிதித்த ஒருவரின் ஆட்டம், மூன்று நூற்றாண்டு கடந்து உதகை இரயிலில் காதற்பாட்டாக வந்தது. இங்கே விளி மாறிற்று என்பது உண்மை. ஆயினும் ‘ஔஸா’ரில் போல ஒரு திருநாமம் துடைக்கப்படவில்லை, கவிஞர் ஒருவர் மற்றொரு கவிஞரின் சொல்லிலிருந்து புதிதாக ஒன்று புனைந்தார். இவ்வேறுபாட்டை நீங்கள் உணர வேண்டும்.

2008இல் வந்த ‘ஜோதா அக்பர்’ படத்தில் ரகுமான் ஆஜ்மீர் குவாஜாவைப் பற்றித் தாமே பாடிய பாட்டில், பக்தி தன் விளியோடு திரும்பி வந்தது. அக்பர் சக்கரவர்த்தி மகன் பிறந்த நேர்த்திக்கடனாக 1570இல் ஆக்ராவிலிருந்து ஆஜ்மீருக்குக் கால்நடையாகவே சென்றவர்; ஆகவே கதைக்கும் பொருந்தியது. வரலாற்று மாணவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அக்காட்சியில் நீண்ட தொப்பியணிந்து சுழன்றாடுவோர், துருக்கி நாட்டுக் கோன்யாவில் ஜலாலுத்தீன் ரூமியின் வழிவந்த மரபினரைப் போன்றவர்; ஆஜ்மீரின் சிஷ்தி மரபுக்கு அந்த ஆட்டம் உரியதன்று. கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்று சேர்த்துவிட்டார்கள். தேர்வில் அப்படி எழுதிவிடாதீர்கள்!

2011இல் ‘ராக்ஸ்டார்’ என்ற படத்துக்காக அவர் அமைத்த பாட்டு, நிஜாமுத்தீன் தர்காவின் முற்றத்திலேயே படமாக்கப்பட்டது. அதன் பல்லவி திருக்குர்ஆன் சொற்றொடர். ‘ஆகுக என்றான், ஆயிற்று’ என்பது அதன் கருத்து. வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஓர் இந்து இளைஞன் அங்கே தஞ்சம் புகுந்து, பாடுவோர் நடுவே அமர்ந்து, மெல்ல அவர்களோடு பாடத் தொடங்குகிறான். முசுலிம் பாத்திரத்துக்கு மட்டுமே பக்திப் பாட்டு என்ற பழைய வேலி இங்கே இல்லை; திருநாமத்தின் இடத்தில் காதலியும் இல்லை. அக்காட்சியில் ஆர்மோனியத்தோடு அமர்ந்திருப்போர், அந்தத் தர்காவில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் குடும்பத்தைச் சேர்ந்த நிஜாமி சகோதரர்கள். முதன்மைக் குரல்கள் ஜாவேத் அலி, மோகித் சௌகான், ரகுமான் ஆகியோருடையவை. படம் முடிந்து கருவிகளை எடுத்துச் சென்றபின், வியாழன் மாலைகளில் அம்முற்றத்தில் பாடுவோர், முன்போலவே, கேட்போர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பாடுகின்றனர்.